நொச்சியில் வந்த விட்டில் எந்தக் குடும்பத்துப் பிள்ளை? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் கொசுவை விரட்டும் என்று நம்பி வைத்த நொச்சித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் துளிர்களெல்லாம் ஓரம் மடிந்து கிடந்தன. ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு புழு. இரண்டைப் பிடித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, தினமும் நொச்சித் தழை கொடுத்து வளர்த்தேன். மூன்றாவது வாரம் பாட்டிலின் சுவரில் பழுப்பு நிற விட்டில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தவர்களும் படத்தை மட்டும் பார்த்தவர்களும் கேட்ட கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே மொத்தமாக இங்கே.

இதன் பெயர் என்ன?

அறிவியல் பெயர் ஹிப்ளேயா ப்யூரா. வனத்துறைக்காரர்கள் இதைத் தேக்குப் புழு என்றுதான் அறிவார்கள். அவர்களிடம் இதைப் பற்றி நூறாண்டுக்கும் மேலான குறிப்புகள் உண்டு. தேக்குத் தோட்டத்தைத் தாண்டிவிட்டால் இதை யாருக்கும் தெரியாது. வடசென்னையில் விளக்கைச் சுற்றுவது எதுவானாலும் விட்டில்தான். என் அம்மாவுக்கு இது ‘அந்தப் பாட்டில் பூச்சி’.

எப்படி அடையாளம் காண்பது?

உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் சருகுதான். சிறகுகளைக் கூரை போல மடித்துக்கொள்ளும். மேல் சிறகு சாம்பல் கலந்த பழுப்பு, சிலவற்றில் செம்பழுப்பு. தலைக்கு முன்னால் சிறு அலகு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். சிறகு விரித்தால் மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருக்கும். விரல் வைத்துத் தொந்தரவு செய்தால் மேல் சிறகு விலகி, கீழே கறுப்பில் ஆரஞ்சுப் பட்டைகள் போட்ட பின் சிறகு பளிச்சிடும். அந்த ஆரஞ்சைப் பார்க்காமல் பெயர் சொல்லாதீர்கள். பழுப்பு விட்டில்கள் ஆயிரம் உண்டு.

புழுவை அறிவது இன்னும் எளிது. பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். கறுத்தவற்றின் முதுகில் கோடுகள் ஓடும். அதைவிட நல்ல அடையாளம் அதன் வேலை. இலையின் ஓரத்தை இரண்டு இடங்களில் வெட்டி, அந்தத் துண்டை முழுக்க அறுத்துவிடாமல் கதவு போல மடித்து, நூலால் தைத்துக்கொள்ளும். வீடும் அதுவே, சாப்பாடும் அதுவே.

புழு பட்டால் அரிக்குமா?

அரிக்காது. முருங்கையில் கொத்தாக ஏறும் கம்பளிப்பூச்சி வேறு. இது வழவழப்பானது.

நொச்சி பூச்சியை விரட்டும் என்கிறார்கள். இதை ஏன் விரட்டவில்லை?

மாநகராட்சியே ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நொச்சிக் கன்று கொடுத்தது, கொசுவுக்காக. கொசுவின் கதையை நான் பேசவில்லை. ஆனால் ஒரு செடியின் வாடை ஒரு பூச்சிக்கு ‘ஓடு’ என்றால் இன்னொன்றுக்கு ‘வா’ என்று பொருள். நொச்சியையே பரம்பரையாகத் தின்று பழகிய பூச்சிக்கு அந்த வாடைதான் முகவரி. மதிலைக் காக்கும் வீரன் நொச்சிப் பூச்சூடினான் என்று புறத்திணை படித்திருப்பீர்கள். இங்கே முற்றுகை மதிலுக்கு உள்ளேயே நடக்கிறது.

நொச்சி மட்டும் இல்லை. தேக்கு, மரமல்லி, இன்னும் நாற்பதுக்கும் மேற்பட்ட செடிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். நம் தெருக்களில் தேக்கு குறைவு, மரமல்லி உண்டு. ஆகவே இது உங்கள் தெருவிலும் இருக்கலாம்.

இதன் வகைப்பாட்டில் என்ன குழப்பம்?

இரண்டு குழப்பங்கள் உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று மேல்மட்டத்தில்: இந்தக் குடும்பத்துக்கு அண்டை உறவு யார்? இன்னொன்று கீழ்மட்டத்தில்: ப்யூரா என்று நாம் சொல்வது ஒரே இனமா, பலவா? முதலில் மேல்மட்டம்.

பெயர் வைத்தவர் பீட்டர் கிராமர் என்ற ஆம்ஸ்டர்டாம் வணிகர். துணியும் கம்பளியும் விற்றுச் சேர்த்த பணத்தில் பூச்சிகளையும் சேர்த்தார். வெளிநாட்டு வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி வண்ணப் படங்களோடு ஒரு பெரிய நூலைத் தொடங்கி, 1776-இல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, 1777-இல், இந்த விட்டிலின் பெயர் அதில் அச்சானது. அப்போது விட்டில் என்றாலே ‘ஃபலேனா’ என்ற ஒரே கூடைதான். இதையும் அதில் போட்டார்கள். 1793-இல் ஃபாப்ரீசியஸ் என்ற டென்மார்க்குப் பூச்சியியலாளர் ஹிப்ளேயா என்ற பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுப்பை) தனியாகப் பிரித்தார்.

(கிராமர் டச்சுக்காரர். டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டையோ நமக்கு வடக்கே பழவேற்காட்டில் இருந்தது. ‘அப்படியானால் அந்த முதல் விட்டில் நம் ஊரிலிருந்து கப்பலேறியதுதான்’ என்று ஒரு நண்பர் எழுதினார். கேட்க இனிக்கிறது. ஆனால் டச்சுக் கப்பல் உலகத்தில் பாதித் துறைமுகங்களுக்குப் போனது. ஊர்ப் பெருமைக்காக ஒரு பூச்சிக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுத நான் தயாராக இல்லை.)

பிறகு ஜார்ஜ் ஹாம்ப்சன் வந்தார். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து விட்டில் பைத்தியமாகி, லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனவர். பிரிட்டிஷ் இந்தியாவின் விட்டில்களைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகள் எழுதினார். அதில் இதை நாக்டுயிடே என்ற பெருங்கூட்டத்தில் வைத்தார். உடல் பருமனும் மங்கிய மேல் சிறகும் அந்தக் கூட்டத்துச் சாயல்தான். மாமியார் வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி மூக்குத்தி போட்டால் சகோதரிகள் என்று நினைப்பதைப் போல.

சாயல் ஏமாற்றியது. நாக்டுயிடே கூட்டத்துக்கு உரிய முக்கியமான உறுப்பு இதற்கு இல்லை.

எந்த உறுப்பு?

காது. விட்டிலுக்குக் காதா என்று சிரிக்க வேண்டாம். இருட்டில் வௌவால் எழுப்பும் மீயொலியைக் கேட்டுத் தப்பிக்கப் பல விட்டில்களுக்கு மெல்லிய சவ்வுக் காது உண்டு. நமக்குப் போல எல்லாவற்றுக்கும் தலையில் இல்லை. நாக்டுயிடேயும் அதன் உறவுகளும் மார்பின் பின்பகுதியில் காது வைத்திருக்கின்றன. பைரலாய்டியா என்ற இன்னொரு பெருங்குடும்பத்துக்கு வயிற்றின் தொடக்கத்தில் காது. காது தனித்தனியாகப் பலமுறை தோன்றியதால், அது இருக்கும் இடமே வம்சத்தைச் சொல்லும் தடயமாகிறது.

ஹிப்ளேயாவுக்கு மார்பிலும் இல்லை, வயிற்றிலும் இல்லை. ஆகவே நாக்டுயிடேயிலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. வாயுறுப்புகளைக் காட்டிப் பைரலாய்டியாவுக்குப் பக்கத்தில் சிலர் உட்கார வைத்தார்கள். அங்கே ‘வயிற்றுக் காது எங்கே?’ என்று கேட்டார்கள். கடைசியில் ஹிப்ளேயிடே என்று தனிக் குடும்பம், அதற்கு மேலே ஹிப்ளேயாய்டியா என்று தனிப் பெருங்குடும்பம். அந்தக் குடும்பத்தில் இரண்டே பேரினங்கள், உலகம் முழுவதற்கும் இருபது இனங்களுக்குள். பல்லாயிரம் இனங்கள் கொண்ட பெருங்குடும்பங்களுக்கு நடுவே இது தனியாகப் பெயர்ப் பலகை மாட்டிக்கொண்ட ஒற்றை அறை வீடு.

தனிப் பெருங்குடும்பம் கொடுத்துவிட்டதால் குழப்பம் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். வகைப்பாட்டியலில் இப்படித் தனியே வைப்பது பல நேரங்களில் ‘எங்கே வைப்பதென்று தெரியவில்லை’ என்பதை மரியாதையாகச் சொல்வது.

டிஎன்ஏ பார்த்தால் முடிந்துவிடாதா?

கல்லூரி மாணவர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். டிஎன்ஏ பார்த்தார்கள். யார் யாருக்கு உறவு என்று கிளை பிரித்துக் காட்டும் மரவரைவுகளில் ஹிப்ளேயாவின் கிளை ஓரிடத்தில் நிலையாக நிற்கவில்லை. எந்த மரபணுக்களை எடுக்கிறோம், எந்த உறவினங்களைச் சேர்க்கிறோம் என்பதற்கு ஏற்ப இடம் மாறுகிறது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். மேல்மட்டத்து விட்டில் குடும்பங்கள் மிகப் பழைய காலத்தில், குறுகிய இடைவெளியில், அடுத்தடுத்துப் பிரிந்தன. பிரிவுக்கும் பிரிவுக்கும் நடுவே மரபணுவில் எழுத்து மாற நேரமே இல்லை. அதற்குப் பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகளில் அந்தச் சில எழுத்துகளின் மேலும் புது மாற்றங்கள் ஏறிவிட்டன. பழைய பத்திரத்தில் மை ஊறி, மேலே வேறு கையெழுத்தும் விழுந்தால் யாருக்குப் பாகம் என்று எப்படிப் படிப்பது?

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் ப்ரோடிடாக்டிஸ் மிஸ்டிகா என்று ஒரு விட்டில். அதுவும் எங்கும் ஒட்டாமல் அலைந்தது. 2003-இல் அதற்கென்றே ஒரு குடும்பம் அமைத்தார்கள். 2013-இல் உடலமைப்பும் மரபணுவும் சேர்த்துப் பார்த்து, அது ஹிப்ளேயாய்டியாவைச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு முடிவு செய்தது. அநாதை என்று நினைத்த இரண்டும் உறவாயின. ஆனால் இருவருக்கும் பெரிய குடும்பம் எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

குடும்பம் கிடக்கட்டும். இனமாவது உறுதிதானே?

இல்லை. என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். மேல்மட்டத்துச் சண்டை அறிஞர்களுக்கு, இது நம் எல்லாருக்கும்.

ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா என வெப்பநாடுகள் எல்லாவற்றிலும் ஹிப்ளேயா ப்யூரா இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இத்தனை கடல் தாண்டி ஒரே இனம் இருக்க முடியுமா? பறக்கத் தெரிந்த பூச்சிதான், கூட்டமாக இடம்பெயரும் என்றும் சொல்கிறார்கள். இருந்தாலும் இது பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் பல இனங்களின் தொகுப்பாக இருக்கலாம் என்ற சந்தேகம் அறிஞர்களுக்கே உண்டு.

பிரிக்க நேர்ந்தால் ப்யூரா என்ற பெயர் எங்கே போகும்? விதிப்படி, கிராமர் பெயர் வைத்த அந்த மூல மாதிரி எந்த இனமோ, அதற்கே பெயர். மற்றவைக்குப் பழைய நூல்களில் கைவிடப்பட்ட பெயர் ஏதாவது பொருந்தினால் அதைத் தூசு தட்டுவார்கள், இல்லையென்றால் புதுப்பெயர். தண்டையார்பேட்டை நொச்சியில் பிறந்தது ஒருநாள் காலையில் பெயரில்லாமல் நிற்கலாம். பூச்சிக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

எண்ணூர்க் கண்டலைத் தின்பதும் இதே விட்டில்தானா?

கண்டல் என்பது உப்பங்கழியில் வளரும் அலையாத்தி மரம். கேள்வியிலேயே ‘இதே’ என்ற சொல்தான் சிக்கல்.

மும்பைக்குப் பக்கத்தில் தாணே என்ற ஊரின் கழியில் உள்ள வெண்கண்டல் மரங்களைப் புழு கூட்டமாக மொட்டையடித்ததும், அது ஹிப்ளேயா ப்யூரா என்று அடையாளம் சொன்னதும் பதிவான செய்தி. வட பிரேசிலில் வெண்கண்டலின் உறவான இன்னொரு கண்டல் இனத்தை இப்படித் தின்று தீர்த்ததை 2005-இல் எழுதினார்கள். அங்கும் இதே பெயர்தான் போட்டார்கள். எண்ணூர்க் கழியில் இருப்பதும் பெரும்பாலும் வெண்கண்டல்தான். இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், மேல்பக்கம் தடவினால் உப்பு ஒட்டும். கொசஸ்தலை ஆற்றின் ஓரமாக ஒருமுறை படகில் போனபோது, கையெட்டும் கிளையில் அதே கதவு மடிப்பைப் பார்த்தேன். படகோட்டிய அண்ணனிடம் காட்டினேன். ‘இது வரும், போகும் தம்பி. மரம் மறுபடி துளிர்த்துவிடும்’ என்றார். இதற்கு மேல் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. அவருடைய கவலை இறாலைப் பற்றியது.

உப்பு ஊறிய இலையைத் தின்று வளரும் புழுவும், மாடித் தொட்டியின் நொச்சியைத் தின்று வளரும் புழுவும், கேரளத்து நிலம்பூர்த் தேக்கைத் தின்னும் புழுவும் ஒன்றாகவே இருக்கலாம். உணவுப் பழக்கத்தால் பிரிந்துகொண்டிருக்கும் கிளைகளாகவும் இருக்கலாம். ஆகவே கண்டலில் பார்த்ததை என் குறிப்பேட்டில் ‘ஹிப்ளேயா, ப்யூரா குழு, வெண்கண்டல்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். நொச்சியில் வளர்த்ததற்கு ‘நொச்சி’ என்று. பெயர் மாறினாலும் செடி மாறாது அல்லவா?

செடியின் பெயர் மாறாதா?

இதை ஒரு பள்ளி மாணவி கேட்டாள். நான் வசமாக மாட்டிக்கொண்டேன். மாறும். மாறியிருக்கிறது.

கேம்பிள் 1915 முதல் எழுதத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலில் தேக்கு, நொச்சி, வெண்கண்டல் மூன்றும் வெர்பினேசியே என்ற ஒரே குடும்பம். அந்த நாளில் இந்த விட்டிலின் உணவுப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு எல்லாம் கச்சிதமாகத் தெரிந்திருக்கும்: ஒரு பூச்சி, ஒரு குடும்பத்துச் செடிகள். இன்று தேக்கும் நொச்சியும் துளசிக் குடும்பத்துக்குப் போய்விட்டன. வெண்கண்டல் கொஞ்ச காலம் தனிக் குடும்பமாக இருந்து, இப்போது ஆடாதோடை, கழிமுள்ளி இருக்கும் குடும்பத்தில். மரமல்லி முன்பே வேறு குடும்பம். ஆனால் எல்லாமே துளசி வரிசை என்ற பெரிய கூரையின் கீழ்தான் வருகின்றன. இரிடாய்டு என்ற வேதிப்பொருள் வகை அந்த வரிசையில் பரவலாக உண்டு. நாம் குடும்பம் குடும்பமாக மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் புழு தன் நாக்கால் அந்தக் கூரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. (புழுவுக்கு நாக்கு இல்லை. சொல்வழக்கு.)

கழியில் கண்டல் மொட்டையாக நிற்கிறது. எண்ணெயா, சாம்பலா, புழுவா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் இராது. கழிக்குள் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதும் நெடுநாள் துயரம்.

அருகே போய்ப் பாருங்கள். புழு தின்ற கிளையில் நடு நரம்பும் கடித்த ஓரங்களும் மிச்சமிருக்கும், மடித்த துண்டுகள் காய்ந்து தொங்கும், நூல் இழைகள் ஒட்டும், கீழே மிளகுத் தூள் போல எச்சம் கிடக்கும். எண்ணெய் பட்ட மரத்தில் தண்டிலும் மூச்சு வேர்களிலும் ஒரே மட்டத்தில் கறுப்புக் கோடு தெரியும். இலை கடிபடாமல் மஞ்சளித்து முழுசாக உதிரும். சாம்பல் என்றால் சேற்றைத் தோண்டினாலே தெரிந்துவிடும்.

புழு தின்ற கண்டல் பெரும்பாலும் மீண்டும் துளிர்க்கும். தின்ற இலை எச்சமாகி அதே சேற்றுக்கு உரமாகவும் சேரும். ஆகவே புழுவைக் கண்டு பதற வேண்டாம். அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மாசால் செத்த மரத்தைக் காட்டி ‘அது பூச்சி’ என்று யாராவது கை கழுவினால், மடிப்பு எங்கே, எச்சம் எங்கே, நூல் எங்கே என்று கேளுங்கள். இரண்டு தொல்லையும் ஒரே மரத்தில் சேர்ந்து வரவும் கூடும். மூச்சு வேர் அடைபட்ட மரத்துக்கு இலை போவது கூடுதல் சுமை.

மருந்து அடிக்கலாமா?

கண்டலில் கூடவே கூடாது. மருந்து அடுத்த நிமிடம் தண்ணீரில், அடுத்த நாள் இறாலில், அதற்கடுத்த நாள் காசிமேட்டுச் சந்தையில். வீட்டு நொச்சி என்றால் மடிந்த இலையைக் கிள்ளிப் போடுங்கள். மைனாவும் காகமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

தேக்குத் தோட்டங்களுக்கு வேறு வழி இருக்கிறது. இந்தப் புழுவுக்கே வரும் ஒரு வைரஸ் நோயைப் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நெடுநாள் ஆராய்ந்து, தெளிக்கும் மருந்தாக்க முயன்றது. நோய் கண்ட புழு உடல் குழைந்து கிளையில் தொங்கும். இங்கேதான் வகைப்பாட்டுக் குழப்பம் நடைமுறைக்கு இறங்கி வருகிறது. இப்படி ஒரு வைரஸ் எந்தப் பூச்சியைத் தாக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். தேக்கில் இருப்பதும் கண்டலில் இருப்பதும் வேறு இனங்கள் என்றால், ஒன்றில் பலித்தது மற்றொன்றில் பலிக்க வேண்டியதில்லை.

தேக்கில் சேதம் எவ்வளவு?

நிலம்பூரில் கோனலி என்ற கலெக்டர் 1840-களில் தேக்கு நடத் தொடங்கினார். அங்கே பின்னாளில் காப்பாற்றப்பட்ட மரங்களையும் புழுவிடம் விடப்பட்ட மரங்களையும் ஒப்பிட்டு, 1985-இல் ஆய்வு முடிவு வெளியிட்டார்கள்: புழுவால் மர வளர்ச்சியில் 44 விழுக்காடு இழப்பு. மரம் சாவதில்லை, பருக்காமல் நின்றுவிடுகிறது.

தேக்கிலையைச் சல்லடையாக்குவதும் இதுதானா?

இல்லை, அது வேறு விட்டில். ஹிப்ளேயா மழைத் தொடக்கத்துத் துளிரை நரம்பு தவிர முழுசாகத் தின்னும். சல்லடைக்காரன் பருவக் கடைசியில் முற்றிய இலையில் பச்சையை மட்டும் சுரண்டி, நரம்பு வலையை விட்டுவைப்பான். அவனுக்கும் பெயர்த் தகராறு உண்டு: பைராஸ்டா, யூடெக்டோனா, பலிகா என்று பேரினம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இதை யாராவது சாப்பிடுவார்களா?

ஜாவாவில் தேக்குக் காட்டோரத்து மக்கள் கூட்டுப்புழுவைப் பொறுக்கி வறுத்துச் சாப்பிடுகிறார்கள். நான் சாப்பிட்டதில்லை. அம்மாவிடம் சொன்னபோது பாட்டிலை அடுக்களையிலிருந்து அப்புறப்படுத்தினார்.

நான் பார்த்தால் என்ன செய்வது?

மூன்று படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் அலகு தெரிய ஒன்று, பின் சிறகின் ஆரஞ்சு தெரிய ஒன்று. தேதியும் இடமும் எழுதுங்கள். விளக்கடியில் பிடித்த விட்டிலைவிட, செடியிலிருந்து எடுத்து வளர்த்த புழுவுக்கே மதிப்பு அதிகம். அது எதைத் தின்றது என்பது நமக்குத் தெரியும்.

இறந்த விட்டில் கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். ஒத்த தோற்றமுள்ள இனங்களைப் பிரிக்கச் சிறகு போதாது; வயிற்று நுனியைக் காரக் கரைசலில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒரு கால் போதும், டிஎன்ஏ எடுக்க. காகிதத்தை முக்கோணமாக மடித்து அதற்குள் விட்டிலை வையுங்கள், எறும்பு ஏறாத டப்பாவில் போடுங்கள். மடிப்பின் மேல் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கசியும். முதலில் எழுத வேண்டியது பூச்சியின் பெயர் இல்லை. நொச்சியா, மரமல்லியா, கண்டலா என்பது.